கார்கள் பாட்டு வாங்கிய கதை

அந்தக் காலத்தில் மாடு பேசும், மரம் பேசும், அவற்றோடு சேர்ந்து காரும் பேசும். பேசும் என்றால் சும்மா இல்லை. ஒரு கார் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிற ஆலமரம் காதைப் பொத்திக்கொள்ளும். உள்ளே ஒரு மனிதர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். போகலாமா வேண்டாமா என்பதைக் காரிடம்தான் கேட்க வேண்டும். அதிலும் முன்னால் போ என்றால் போகும். பின்னால் போ என்றால் செத்தாலும் போகாது. பின்னால் போவது காருக்கு அவ்வளவு கேவலம்.

இத்தனை வாய் இருந்த கார்களுக்கு ஒன்று மட்டும் இல்லை. பாட்டு இல்லை.

ஓடத்துக்கு ஓடப்பாட்டு இருந்தது. தண்ணீர் இறைக்கிற ஏற்றத்துக்கு ஏற்றப்பாட்டு இருந்தது. மாட்டுவண்டிக்கு மூட்டை மூட்டையாகத் தெம்மாங்கு இருந்தது. ஏன், நெல் குத்துகிற உலக்கைக்குக்கூடச் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. காருக்கு மட்டும் வெறும் பேச்சு.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஆற்றுக்குக் கீழ்க்கரையில் வழித்துணை அம்மன் கோயில் இருந்தது. ஊர்விட்டு ஊர் போகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல். கொடைவிழா அன்று அவள் தெருவுக்குள் யார் வந்தாலும் தன் சொந்தப் பாட்டோடு வரவேண்டும் என்பது முறை. பாட்டு இல்லாத கார்கள் வருஷா வருஷம் தெருமுனை வரைக்கும் போகும். அங்கே மயிலைக்காளை என்று ஒரு கிழட்டுக் காளை காவலுக்கு நிற்கும். “பாட்டு இருக்கா? இல்லையா? அப்போ நடையைக் கட்டு” என்று கொம்பை ஆட்டும். கார்கள் முறைத்துக்கொண்டே திரும்பி வரும்.

மேல்கரையில் கார்ச்சந்தை. அங்கே உச்சிமாகாளி என்று ஒரு தரகுக்காரி. மாட்டுச்சந்தையில் சாணி பொறுக்க வந்தவள் அவள். பொறுக்கிய கையாலேயே மாட்டுக்குப் பல் பார்க்கக் கற்றாள், விலை பேசக் கற்றாள், கார்கள் வந்த பிறகு கார்ச்சந்தைக்கு மாறினாள். பழக்கதோஷத்தில் முதல் காருக்கும் மூடியைத் தூக்கிப் பல் எண்ணப் பார்த்தாள் என்று இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள், அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். பேரத்தில் ஓர் அடி பின்வைத்தாள் என்று அவளை எவரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் கொடைக்கு எட்டு நாள் இருக்கும்போது மயிலைக்காளை சந்தைக்கு வந்தது. வைக்கோல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது.

“ஏ உச்சி, அம்மன் சொல்லிட்டா. இந்தக் கொடைக்குப் பொழுது அடையறதுக்குள்ள காருக்குப் பாட்டு வரணும். வரலைன்னா இனி எந்தக் காலத்திலும் அவ தெருவுல கார் கால் வைக்கக் கூடாது.”

“காருக்கு ஏதுவேய் காலு?”

“சரி, சக்கரம் வைக்கக் கூடாது. சிரி, சிரி. அம்மன் தெருவுக்குள்ளயே போகமுடியாத வண்டியை உன்கிட்ட எவன் வாங்குவான்?”

உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. அம்மன் கைவிட்ட வண்டி என்று பேர் விழுந்துவிட்டால் கார்கள் காடு மேடெல்லாம் அநாதையாக நிற்கும். சாணி பொறுக்கி ஏறிவந்த படியெல்லாம் ஒரே நாளில் சரிந்துவிடும். அவள் இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

“போய் உன் அம்மன்கிட்டச் சொல்லு. பாட்டோடதான் வருவோம்.”

சொல்லிவிட்டாள். பாட்டுக்கு எங்கே போவது? நாலு நாள் புலவர்களிடம் அலைந்தாள். ஒருவர் காரை யானை என்றார், ஒருவர் குதிரை என்றார். “காரைக் காருன்னு சொல்ல ஒருத்தன் இல்லையா ஊருல?” என்று கத்திவிட்டுத் திரும்பினாள்.

ஐந்தாம் நாள் கித்தார் குரூஸ் என்ற பாட்டுக்காரன் தன் குழுவுக்கு ஒரு வேன் வாங்கச் சந்தைக்கு வந்தான். நீலவேணி என்கிற நீலநிற வேனைக் காட்டி, உச்சிமாகாளி வழக்கம்போல் கூவினாள்.

“டயரு நாலு, தேரு ஒண்ணு! தகதகன்னு ஓடுது பாரு! ஏறிக்கோ மச்சான், எடங் கெடக்கு! எட்டூருக் காத்தும் நமக்கிருக்கு!”

குரூஸ் வேனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதன் மூடியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன, வண்டி பிடிக்கலையா? பிடிக்கலைன்னா கையை எடு.”

“யக்கா, இன்னொரு தடவை கூவுங்க.”

“எதுக்கு?”

“நீங்க கூவுறது கூவல் இல்லக்கா. பாட்டு.”

பதினைந்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது பாட்டென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. குரூஸ் கித்தாரை எடுத்தான். மூன்று நாள் இருவரும் சண்டை போட்டார்கள், அதாவது பாட்டமைத்தார்கள். கொடை அன்று காலையில் பாட்டு தயார்.

உச்சி வெயில் தாழ்ந்ததும் நீலவேணியில் ஏறிக் கிளம்பினார்கள். கீழ்க்கரைக்குப் போக ஒரே பாலம். ஒரு வண்டி போனால் இன்னொன்று எதிரே வரமுடியாது. நீலவேணி பாலத்தில் பாதி தாண்டியிருக்கும். எதிரே வெள்ளைத்துரை வந்து நின்றது. அந்த வட்டாரத்திலேயே பெரிய கார், அதைவிடப் பெரிய கர்வம். அதன் பின்னால் எட்டுக் கார்கள் வரிசையாக. எல்லாம் அன்று தெருமுனையில் காளையிடம் ஏச்சு வாங்கித் திரும்பியவை.

“வழி விடுய்யா!” என்றாள் உச்சிமாகாளி. “பாட்டு கொண்டு போறோம்!”

“பாட்டா? உங்க வேன்லயா?” வெள்ளைத்துரை சிரித்தது. “நான் பின்னால போகமாட்டேன்.”

“நானும் போகமாட்டேன்” என்றது நீலவேணி.

ஆற்றுக்குள் குளித்துக்கொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. வேடிக்கை பார்க்க வசதியாக இரண்டு எருமைகள் படுத்தே விட்டன. உச்சிமாகாளி இறங்கிப் போய் வெள்ளைத்துரையின் பக்கக் கண்ணாடி மேல் முந்தானையைப் போட்டு மூடி, துணிக்கடியில் விரலால் விலை பேசுகிற மாட்டுச்சந்தை முறையில் கண்ணாடியை விரலால் அழுத்திப் பேரம் ஆரம்பித்தாள். புது டயர் தருகிறேன் என்றாள். மெழுகு பூசித் துடைத்துத் தருகிறேன் என்றாள். மாலை போட்டு, சந்தையில் முதல் இடம் தருகிறேன் என்றாள். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது.

“யக்கா,” என்றது வெள்ளைத்துரை, “நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. ‘பின்னால போன வண்டி பீடை வண்டி’. இதைச் சொன்னது யாரு?”

உச்சிமாகாளியின் விரல் முந்தானைக்குள் அப்படியே நின்றது.

சொன்னது அவள்தான். தரகு தொடங்கிய புதிதில் ஒருவன் குற்றமே சொல்லமுடியாத காரைக் கொண்டு வந்தான். எந்தப் பக்கம் தட்டினாலும் குறை இல்லை. விலையை எப்படிக் குறைப்பது? அந்தக் கார் சந்தைக்குள் கொஞ்சம் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தாள். “ஐயையோ, பின்னால போற வண்டியா? பீடை!” என்றாள். பாதி விலைக்கு முடிந்தது. மற்றத் தரகர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கார்கள் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தன.

“அது பொய்தான்யா,” என்றாள் மெதுவாக. “விலையைக் குறைக்க நான் சொன்ன பொய்.”

“இப்போ வழி வேணும், அதனால பொய்யிங்கிறீங்க. வியாபாரி பொய்யை வாபஸ் வாங்கினா, அதுவும் வியாபாரந்தானே யக்கா?”

பின்னால் நின்ற எட்டும் கொல்லென்று சிரித்தன. உச்சிமாகாளிக்கு முகம் செம்பாகச் சிவந்தது. திட்ட வாயெடுத்தாள். யாரைத் திட்டுவது? தான் போட்ட முடிச்சு தன் கழுத்திலேயே விழுந்திருக்கிறது. எதிரே ஒன்பது வண்டி. தன் பக்கம் ஒன்று. யார் பின்னால் போகவேண்டும் என்பதற்குப் பஞ்சாயத்துத் தேவையில்லை.

“ஏட்டி நீலவேணி, நீ பின்னால போ.”

“யக்கா! இத்தனை பேர் பார்க்கவா? நாளைக்கு என்னை யாரு மதிப்பா? குரூஸ் அண்ணன்கூட என்னை வேண்டாம்னிருவாரு!”

“நான் ஏம்மா வேண்டாங்கேன்?” என்றான் உள்ளேயிருந்த குரூஸ். வேன் நம்பவில்லை. அழத் தொடங்கியது. முன்கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

உச்சிமாகாளி சூரியனைப் பார்த்தாள். எருமைகளைப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். நீலவேணியைச் சுற்றிக்கொண்டு அதன் பின்பக்கம் போனாள். வேனின் பின்கண்ணாடியைப் பார்த்து நின்று, ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள். பேரத்தில் ஒரு விரல் அளவு இறங்காதவள், ஊரும் மாடும் பார்த்திருக்க, முதுகு காட்டும் திசையில் நடந்தாள். நடந்துகொண்டே பாடினாள்.

“டயரு நாலு, தேரு ஒண்ணு
தகதகன்னு ஓடுது பாரு…”

பாட்டில் இந்த இடத்துக்குச் சொல் இல்லை. எல்லாம் முன்னால் ஓடுகிற பாட்டுதான். அவள் இன்னோர் அடி பின்வைத்தாள். சொல் தானாக வந்து விழுந்தது.

“முன்னால போனா ஊரு தெரியும்
பின்னால வந்தா வீடு தெரியும்!”

குரூஸ் ஜன்னல் வழியாகக் கித்தாரை நீட்டி அந்த அடியை அப்படியே பிடித்துக்கொண்டான். நீலவேணியின் சக்கரம் மெல்ல அசைந்தது. ஒரு முழம் பின்னால் வந்தது. பீடை எதுவும் வந்து ஒட்டவில்லை. இன்னொரு முழம் வந்தது. பிறகு அதுவே வாயைத் திறந்து பாடத் தொடங்கியது. பாலத்தின் மேல்கரை முனை வரைக்கும் பாடிக்கொண்டே பின்னால் வந்தது. பார்த்தவர்களுக்கு வேன் தோற்றுப் போவதாகத் தெரியவில்லை. சாமி ஊர்வலம் வருவதாகத் தெரிந்தது.

பாலம் திறந்து கிடந்தது. வெள்ளைத்துரை வரலாம். வரவில்லை.

“என்னய்யா, வழி விட்டாச்சு, வா!” என்று உச்சிமாகாளி கத்தினாள்.

வெள்ளைத்துரை இருமியது. “யக்கா… அந்தப் பாட்டு… எங்களுக்கும் உண்டா?”

விலை எப்போது ஏறியிருக்கிறது என்று உச்சிமாகாளிக்குத் தெரியாதா? இடுப்பில் கையை வைத்தாள்.

“பின்னால போறவனுக்குத்தான் பாட்டு!”

பிறகு வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சின்னக் கார் “டயரு நாலு, தேரு ஒண்ணு” என்று முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அதற்கு முன்னால் நின்றது அடுத்து நகர்ந்தது. ஒவ்வொன்றாக எட்டும் பாடிக்கொண்டு கீழ்க்கரைப் பக்கம் பின்னேறின. கடைசியில் வெள்ளைத்துரையும் நகர்ந்தது. எல்லாரையும்விட அதன் குரல்தான் பெரியது. அதற்கு முகம் கொடுத்து நீலவேணி முன்னால் வர, குரூஸ் கித்தார் வாசிக்க, உச்சிமாகாளி வேனின் கூரைமேல் ஏறி நின்று அடி எடுத்துக் கொடுக்க, பத்து வண்டியும் ஒரே பாட்டாக அம்மன் தெருவுக்குள் நுழைந்தன. சூரியனில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

மயிலைக்காளை கொம்பைத் தாழ்த்தி வழியை மறித்தது. காது கொடுத்துக் கேட்டது. அதன் வால் தாளத்துக்கு ஆடுவதைத் தெருவே பார்த்தது.

“வாலை மறைச்சுக்கோவேய்” என்றாள் உச்சிமாகாளி.

“பாட்டுதான், போ” என்றது காளை, விலகி நின்று.

தெருவில் உலக்கை பிடித்த பெண்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். ஓடக்காரர்கள் பாடினார்கள். வண்டிமாடுகளே பாடின. அப்போது கருவறையிலிருந்து அம்மன் குரல் வந்தது.

“பாட்டு நல்லாருக்கு. ஆனா ஒரு தொண்டைக்கு ஒண்ணுதான் தருவேன். பேச்சு வேணுமா, பாட்டு வேணுமா?”

கார்கள் ஒன்றையொன்று பார்த்தன. அத்தனை நாளும் வாய் ஓயாத வெள்ளைத்துரைதான் முதலில் சொன்னது: “பாட்டு, தாயே.” அதுவே அதன் கடைசிப் பேச்சு.

உச்சிமாகாளி சும்மா இருப்பாளா? “தாயே, இதுல நான் ரெண்டு சொல்லணும். எந்நேரமும் பாடிக்கிட்டே திரிஞ்சா பாட்டு மலிஞ்சு போகும். பின்னால போறப்ப மட்டும் பாடட்டும். அங்கதான் இந்தப் பாட்டு முழுசாச்சு.”

“சரி.”

“முன்னால போறப்ப குறுக்கே மாடு வந்து நின்னா? பேச்சும் இல்லாம இதுக என்ன பண்ணும்? கொசுறா ஒரு சத்தமாவது போட்டுத் தரணும்.”

“ஏட்டி, அம்மன்கிட்டயே கொசுறா?” என்று காளை பதறியது.

அம்மன் சிரித்த சிரிப்பில் கோயில் மணி தானாக ஆடியது. ஒரு சத்தத்தை அள்ளிப் போட்டாள். அளந்து போடாமல் போட்டுவிட்டாள். அதனால்தான் முக்கிலும் மூலையிலும் ஹாரன் இந்தப் பாடு படுத்துகிறது. அந்தப் பழியும் உச்சிமாகாளி தலையில்தான்.

பாட்டு அந்தத் தெருவோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் பாடினார்கள், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் பாடின. குரூஸ் கடற்கரை ஊரெல்லாம் மேடையேறினான். கார்கள் கடல் தாண்டிப் போன ஊர்களிலும் பாட்டு கூடவே போனது. போகப் போகச் சொற்கள் உதிர்ந்து மெட்டு மட்டும் நின்றது. பிறகு கார்கள் தத்தம் வசதிக்கு வேறு வேறு மெட்டும் பிடித்துக்கொண்டன. பீடை வண்டி என்ற பேச்சை மட்டும் அப்புறம் எந்தச் சந்தையிலும் எந்தத் தரகரும் எடுக்கவில்லை. எடுத்தால் கிழிப்பதற்கு உச்சிமாகாளி இருந்தாள்.

எவ்வளவு பெரிய மனிதரின் காராக இருந்தாலும் சரி, பின்னால் வருவதற்குக் கொஞ்சமும் வெட்கப்படாமல் தெருவுக்கே கேட்கும்படி அது பாடிக்கொண்டு வருவது அந்தக் கொடை நாள் முதல்தான்.