தாம்பூலப் பை ஏறிப்போன ஏரோப்ளேன்

இந்தப் பக்கம் திரும்பிப் படு சிட்டு. தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கோ. அம்மா எப்போ வருவாங்கன்னு இன்னொரு தடவை கேக்காத. வெள்ளம் வந்த ஊருக்கு பிளேன்ல சாமான் கொண்டு போனவ, சாமானை எல்லாம் இறக்கிட்டுத்தானே வருவா? அதுவரைக்கும் அத்தை ஒரு கதை சொல்றேன். நான் நிறுத்துற எடத்துல நீ 'ம்' போடணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஏரோப்ளேன் இருந்துச்சாம். ரொம்பப் பெரிசெல்லாம் இல்ல. நம்ம டவுன் பஸ்ஸுக்கு ரெக்கை முளைச்ச மாதிரி இருக்கும். ரெண்டு ரெக்கையிலயும் காத்தாடி. வாலுல ஒரு மீன்கொத்திப் படம். அதனால ஊரே அதை மீன்கொத்தின்னுதான் கூப்பிடும்.

அந்த மீன்கொத்தியை ஓட்டுறவ பேரு செங்கமலம். கடலுக்கு நடுவுல ஒரு தீவுல பிறந்தவ. தீவோட தெக்கு முனையில அவ அம்மா பேச்சியம்மா தனியா இருக்கா. வாரத்துக்கு ஒரு தடவை மீன்கொத்தி அந்தத் தீவுக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போகும். ஆனா அது இறங்குறது வடக்கு முனையில. இறங்கின சூட்டோட திரும்பணும். தெக்கு வரைக்கும் போய் வர நேரம் இருக்காது. அதனால செங்கமலம் என்ன பண்ணுவா, இறங்குறதுக்கு முன்னாடி தெக்கு முனை மேல ஒரு வட்டம் போடுவா. கீழ அம்மா வீட்டு அடுப்புப் புகை நூலாட்டம் மேல வரும். புகை தெரிஞ்சா அம்மா நல்லா இருக்கா. பிளேன் சத்தம் கேட்டா மக நல்லா இருக்கா. அவ்வளவுதான் அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு.

"ம்."

பேச்சியம்மா தீப்பெட்டியையே தொடமாட்டா, தெரியுமா? சமையல் முடிஞ்சதும் நெருப்புக் கங்கைச் சாம்பலுக்குள்ள பொதைச்சு வச்சிருவா. விடிஞ்சதும் சாம்பலை விலக்கி, ஃபூ... ஃபூ... செவசெவன்னு முழிச்சுக்கும். அது அவ மாமியார் கொடுத்த கங்கு. மாமியாருக்கு அவங்க மாமியார் கொடுத்தது. அக்கம்பக்கத்துல அடுப்பு அணைஞ்சா, ஒரு சிரட்டையை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குத்தான் நெருப்பு வாங்க ஓடி வருவாங்க.

அப்போ ஒரு நாள் புயல் வந்துச்சு. ஊஊஊ... ஊஊஊன்னு. தென்னை மரமெல்லாம் மடார் மடார்னு விழுந்துச்சு. தீவுக்குப் போன் போட்டா குய்ங் குய்ங்னுச்சு, அப்புறம் அதுவும் இல்ல. செங்கமலம் நேரா பிளேன் முதலாளி தீத்தாரப்பர்கிட்ட போய் நின்னா.

"ஐயா, மீன்கொத்தியைக் கொடுங்க. தீவு சனத்துக்கு அரிசி பருப்பு கொண்டு போறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம்."

"தர்றேன் தாயி. எண்ணெயும் நானே ஊத்துறேன். ஆனா பிளேனை இந்த வாரம் முழுக்க ஒரு கல்யாண வீட்டுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே! பொண்ணு மாப்பிள்ளை, சொந்தபந்தம் எல்லாம் மதுரைக்குப் பறக்கப் போறாங்க. அவங்களைக் கேளு."

அப்புறம் செங்கமலம் கல்யாண வீட்டுக்கு ஓடினா. பொண்ணு பேரு மயிலரசி. மூஞ்சியெல்லாம் மஞ்சளைப் பூசிக்கிட்டு உக்காந்திருந்தா. விஷயத்தைக் கேட்டதும் அழுகையே வந்துடுச்சு. "ஏரோப்ளேன்ல வர்ற முத மருமக நான்தான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேனேக்கா. அதுக்குன்னு புதுச் செருப்புகூட வாங்கி வச்சிருக்கேன்."

செங்கமலம் வாசலைப் பாத்துத் திரும்பிட்டா. அப்போ மயிலரசி கேட்டா, "அக்கா, உங்கம்மா வீட்டுக்குக் கூரை இருக்கா?"

"தெரியலம்மா."

மயிலரசி செருப்பைக் கழட்டி ஓரமா வச்சா. "எடுத்துட்டுப் போங்கக்கா. நாங்க பஸ்ல போய்க்கிறோம். மாப்பிள்ளைக்கு பஸ்ல போனா வாந்தி வரும். அது அவரு பாடு!"

சிரிக்கிறியா? தூங்குறதுக்குக் கதை சொன்னா இவ சிரிக்கிறா.

அப்புறம் கல்யாண வீடே நிவாரண வீடாயிடுச்சு. பந்திக்கு வாங்கின அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாத்தையும் பங்கு பிரிச்சு, தாம்பூலப் பையில போட்டாங்க. மஞ்சள் பை. மேல 'மயிலரசி – இசக்கிராஜா'ன்னு அச்சடிச்சிருக்கும். ஆளில்லாத சீட்டுல பையை உக்கார வச்சு, பெல்ட்டு போட்டுவிடணும், டக்... டக்... டக். பையெல்லாம் பந்திக்கு உக்காந்த மாதிரி வரிசையா இருக்கும்.

ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி, சாமான் பாக்குற ஆபீசர் ஒரு பையைத் தூக்கிக் காதுகிட்ட வச்சு ஆட்டினாரு. கலகல கலகல.

"உள்ள என்ன இது, சிரிக்குது?"

"தீப்பெட்டி" அப்படின்னாங்க, மாப்பிள்ளையோட பெரியம்மா.

"தீப்பெட்டி பிளேன்ல ஏறக் கூடாதும்மா. உரசிப் பத்திக்கிட்டா பிளேனே போயிடும்."

"அரிசி வச்சோம், பருப்பு வச்சோம். தீப்பெட்டி வைக்காம எப்படிய்யா? அடுப்பை உங்க பிளேனா வந்து ஊதிப் பத்த வைக்கும்?"

அவரு பாவம், தலையைச் சொறிஞ்சாரு. ஆனா விடல. எல்லாப் பையையும் பிரிச்சாங்க. தீப்பெட்டியை எல்லாம் வெளிய எடுத்தாங்க. அப்புறம் மறுபடி கட்டினாங்க. பெரியம்மா திட்டிக்கிட்டேதான் கட்டினாங்க. அப்புறம்தான் மீன்கொத்தி, ர்ர்ர்ர்... ஜிவ்வுன்னு கிளம்புச்சு.

"ம்... அம்மாவைப் பாத்தாளா?"

இரு. முத நாள் தெக்கு முனை மேல வட்டம் போட்டா. ஒரே மேகம். ஒண்ணும் தெரியல. வடக்குல போய்த் தடக் தடக்னு இறங்கினா. அங்க இறங்கு தளத்தைப் பாத்துக்கிற லெப்பை மாமா, முட்டியளவு சேத்துல ஓடி வந்தாரு.

"மாமா, எங்கம்மா?"

"தெரியலம்மா. தெக்குக்குப் போற பாலம் போச்சு. தோணியும் ஒடைஞ்சு கெடக்கு, தச்சுக்கிட்டிருக்கோம்."

"நானும் இருந்து தோணியில வர்றேன்."

"நீ இங்க இருந்துட்டா பிளேனை யாரு ஓட்டுறது? இன்னும் எத்தனை வயிறு காத்துக் கெடக்கு!" அப்படின்னு சொல்லிக்கிட்டே மாமா ஒரு பையைத் திறந்து துழாவினாரு. "எல்லாம் இருக்கு. தீப்பெட்டி எங்கம்மா? இங்க ஒரு தீக்குச்சிகூடக் காஞ்சது இல்ல. வெறும் தேங்காயைச் சுரண்டித் தின்னுக்கிட்டு இருக்கோம்."

செங்கமலத்துக்குத் தலை குனிஞ்சுடுச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னா, "தோணி சரியானதும் முத வேலையா தெக்குக்கு அரிசி கொண்டு போங்க மாமா. எங்கம்மா இருந்தா... அங்க நெருப்பு இருக்கும்."

சொல்லிட்டு, காலி பிளேன்ல ஏறித் திரும்பிட்டா.

"ம்..."

ரெண்டாவது தடவை போனா. மேகம் இல்ல, பளிச்சுன்னு இருந்துச்சு. தெக்கு முனையில தென்னை மரமெல்லாம் வாரி விட்ட முடி மாதிரி கெடந்துச்சு. அம்மா வீட்டுச் சுவரு தெரிஞ்சுது. கூரை இல்ல. புகையும் இல்ல. ஒரு வட்டம் போடுறவ அன்னிக்கு ரெண்டு வட்டம் போட்டா. இல்லவே இல்ல. வடக்குல இறங்கி, பையை இறக்கிக் கொடுத்துட்டு, யாரு மூஞ்சியையும் பாக்காம திரும்பிட்டா. தோணி அப்போதான் அரிசியோட கிளம்புதுன்னு லெப்பை மாமா கத்திச் சொன்னாரு. காத்தாடிச் சத்தத்துல அவளுக்குக் கேட்டுச்சோ என்னவோ.

மூணாவது தடவை... சிட்டு? தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

மூணாவது தடவை அவளுக்குக் கீழ பாக்கவே பயம். ஆனா பிளேன் ஓட்டுறவ கண்ணை மூடிக்க முடியுமா? பாத்தா. தெக்கு முனையில நூலாட்டம் ஒரு புகை! அது மட்டுமா? அதுக்கு வடக்கால ஒரு புகை. அதுக்கும் வடக்கால இன்னொண்ணு. கோலப்புள்ளி வச்ச மாதிரி வீடு வீடா, குடிசை குடிசையா, வடக்கு முனை வரைக்கும் புகை! சிரட்டையில கங்கை வாங்கி, தோணியில ஏத்தி, அடுப்புலயிருந்து அடுப்புக்கு நெருப்பு நடந்து வந்திருக்கு.

லெப்பை மாமா கரி பூசின மூஞ்சியோட கஞ்சி கிண்டிக்கிட்டு நின்னாரு. "உங்கம்மா கங்குதான் தாயி! கூரை பறந்ததும், தேங்காய் மட்டையில கங்கைப் பொதைச்சு, சட்டியில போட்டு மடியில வச்சுக்கிட்டு, கவுந்து கெடந்த தோணிக்கு அடியில போய் உக்காந்துட்டாங்களாம். கையெல்லாம் கொப்புளம். ஆனா நெருப்பை விடல."

"அப்போ நேத்து ஏன் புகை இல்ல மாமா?"

"அடுப்புல வைக்க நேத்து அரிசி ஏதும்மா?"

செங்கமலம் அப்பத்தான் அழுதா. "எனக்கு ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கூரை போனதும் நல்லதாப் போச்சாம். படுத்துக்கிட்டே உன் பிளேனைப் பாக்கலாமாம். அப்புறம் இந்த மயிலரசி யாருன்னு கேட்டாங்க. சோத்தை வடிச்சதும், 'அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்'னுட்டுத்தான் மத்தவங்களுக்குப் போட்டாங்க."

"இப்போவாவது தோணியில போய்ப் பாத்தாளா அத்தே?"

இல்லடா. கல்யாண வீட்டுல இன்னும் பை கட்டிக்கிட்டே இருந்தாங்கல்ல? இவ திரும்பலன்னா அதெல்லாம் யாரு கொண்டு வருவா? திரும்பிப் போகும்போது தெக்கு முனை மேல தாழ்வா வந்து, ரெக்கையை இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை ஆட்டினா. கீழ பேச்சியம்மா ஒரு கை பச்சை வேப்பிலையை அள்ளி அடுப்புல போட்டா. குப்புன்னு வெள்ளைப் புகை எழும்பி பிளேனைத் தொடுற மாதிரி வந்துச்சு. செங்கமலத்துக்கு அந்த வாசனைகூட வந்துச்சாம்.

"பிளேன்ல ஜன்னல் திறக்காதே?"

திறக்காது. ஆனா அவளுக்கு வந்துச்சு.

"...அத்தே. அம்மா பிளேன்லயும் இன்னும் பை இருக்கா?"

இருக்கு கண்ணு.

"நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு. புகையே வராதே. நாம இருக்கோம்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

மொட்டை மாடியில அம்மாவோட சிவப்புப் புடவை காயுதுல்ல? அது மேல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்.

"அதை எடுத்து மடிச்சுடாத அத்தே."

எடுக்கல. அது அங்கயே கெடக்கட்டும்.

"ம்..."

கதை சாம்பலுக்குள்ள படுத்துக்கிச்சு. கங்கு உள்ள முழிச்சிருக்கு. நீ தூங்கு.