நூற்றெண்பது ஃபைல்

ஈரோட்டில் ஒரு கட்டட வரைபட ஆபீஸில் பூங்கோதை என்று ஒருத்தி வேலை பார்த்தாள். அன்று சாயங்காலம் அக்காவுக்கு வளைகாப்பு. காலையில் வந்ததும், மதியத்துக்கு மேல் லீவு கேட்டாள்.

மேலாளர் சச்சிதானந்தம் இல்லையென்று சொல்லமாட்டார், நிபந்தனைதான் போடுவார். "ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு நூற்றெண்பது ஃபைல் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் படம் தெரியற கட்டம், அதான் வியூபோர்ட், அதோட ஸ்கேலை மாத்தி, மறுபடி மாறாமப் பூட்டிட்டு, தாராளமாப் போம்மா" என்றார். கையால் செய்தால் இரண்டு நாள் வேலை.

பூங்கோதை தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு ஃபைலில் செய்யவேண்டியதை வரிவரியாக எழுதி, எல்லாவற்றிலும் அதையே செய்யும்படி கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தாள். பதினொரு மணிக்கு அவள் டீ குடிப்பதைப் பார்த்ததும் மேலாளருக்குச் சுருக்கென்றது.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணைத் தவிர எல்லாம் முடிஞ்சுது சார்."

"மெஷினை நம்பினா இப்படித்தான்!" ஆபீஸே கேட்கும்படி முழங்கினார். "அந்த ஒண்ணு ஏன் நின்னுது?"

"அது காலையிலேர்ந்து உங்க கம்ப்யூட்டர்ல திறந்தே கிடக்கு சார். நீங்க மூடினாத்தான் மெஷினால அதைத் தொடமுடியும்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சச்சிதானந்தம் போய் ஃபைலை மூடினார். அக்காவுக்கு வளையல் அடுக்கும் நேரத்துக்குப் பூங்கோதை போய்ச் சேர்ந்துவிட்டாள்.