பன்றி ருசித்த சோளத் தளிர்

காட்டோரக் குளம் வற்றிக் கிடந்தது. ஒரு பெண்மானும் அதன் குட்டியும் இரை தேடி அலைந்தன. குட்டியின் விலா எலும்புகள் தாயின் கண்ணில் பட்டன. பார்க்காதது போல முன்னே நடந்தது.

எதிரே ஒரு காட்டுப்பன்றி வந்தது.

"ஏன் அக்கா அலைகிறாய்? அறுத்த சோளக்காட்டில் அடிக்கட்டை தளிர்த்திருக்கிறது. பச்சைப் பசேல்!"

"தின்னலாமா?"

"நான் தின்றேனே! என்னைப் பார், ஏதாவது குறைச்சலா?" பன்றி தன் தொந்தியைக் குலுக்கிக் காட்டியது.

மானுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரித்துப் பல நாளாயிற்று.

குட்டி ஒரே பாய்ச்சலில் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் இறங்கித் தளிரைக் கடித்தது. தாயும் பின்னாலேயே போனது.

"அக்கா, நில்!" வரப்பு மறைவிலிருந்து ஒரு முயல் கத்தியது. "மழையில்லாமல் வாடிய தளிர் அது. நஞ்சு! போன கோடையில் இதைத் தின்ற ஆடு இங்கேயே விழுந்து செத்தது!"

"புளுகாதே!" பன்றி சீறியது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"எவ்வளவு தின்றாய், அண்ணே?"

"ருசிக்கு ஒரு வாய்."

"அதற்கு முன்னால்?"

"மலையடியில் கிழங்கு. வயிறு முட்ட!"

மானுக்குப் பகீரென்றது. குட்டியின் வயிறு நேற்றிலிருந்து காலி. உடம்போ பன்றியின் தொடையளவுதான்! ஓடிப்போய்க் குட்டியை முட்டித் தள்ளியது.

"விடு அம்மா! பசிக்கிறது!"

சொல்லி முடிக்குமுன் குட்டியின் கால்கள் பின்னின. சாய்ந்தது. வாயில் நுரை. மூச்சு இரைத்தது. காற்று உள்ளே போனது. உடம்புதான் அதை வாங்கிக்கொள்ள மறந்திருந்தது.

தாய் அதன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. பன்றி வந்து, வெயில் குட்டிமேல் விழாதபடி குறுக்கே நின்றது.

நிழல் மெல்ல நீண்டது. இரைப்பு தணிந்தது. பிறகு ஒரு தும்மல்! குட்டி எழுந்தது, தடுமாறியது, நின்றது.

"உள்ளே போனது கொஞ்சம்தான்," என்றது முயல். "இன்னும் நாலு வாய் தின்றிருந்தால்..."

"சொல்லாதே," என்றது மான்.

"கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை, அக்கா," என்றது பன்றி.

"தெரியும். உன் வயிற்றை வைத்து என் குட்டியின் வயிற்றை அளந்துவிட்டாய்."

"வாருங்கள், கிழங்கு தோண்டித் தருகிறேன். ஒன்றைக்கூட நான் தொடமாட்டேன்!"

"நீயா? தொடமாட்டாயா?" என்றது முயல்.

முதலில் சிரித்தது குட்டிதான்.

ஒருவர் தின்று பிழைத்தது இன்னொருவரைக் கொல்லலாம். எவ்வளவு, எந்த உடம்புக்கு, எந்த வயிற்றில் என்று கேட்டறிந்த பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும்.