திறக்காத கன்டெய்னர்

சிரித்துக்கொண்டே வருகிறவன் சரக்கை நம்பவே கூடாது என்பாள் துறைமுகக் காவல்காரி சந்தனமாரி. தன் வீட்டுத் தேக்கு ஊஞ்சலைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் மரவியாபாரி பரமானந்தம், அன்றைக்கு ஒரு கன்டெய்னர் நிறைய வெளிநாட்டுக் கட்டைகளோடு அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தார். "பூச்சி சாக மருந்துப்புகை போட்டாச்சு" என்று அவர் நீட்டிய சான்றிதழுக்கு அதிகாரியும் தலையாட்டிவிட்டார்.

"எதுக்கும் திறந்து பாத்துருவோமா, மொதலாளி?" என்றாள் சந்தனமாரி.

"கன்டெய்னரைத் தொட்டா உன் வேலை போயிரும். திறக்காமலே பூச்சியைக் காட்டு பாப்போம்!"

சந்தனமாரி லாரி டிரைவரிடம் திரும்பினாள். "அண்ணே, மொதலாளி வீட்டுக்கே வண்டியை விடுங்க. கட்டையெல்லாம் ஊஞ்சல் பக்கத்துல அடுக்கிருங்க."

"ஐயையோ, அங்க வேண்டாம்! ஊஞ்சலைத் துளைச்சு மாவாக்கிருமே!" என்று பதறினார் பரமானந்தம்.

லாரி வெளியே போகாதபடி அதிகாரி துறைமுகக் கேட்டை மூடச் சொன்னார்.

"திறக்காமலே காட்டிட்டீங்களே, மொதலாளி" என்றாள் சந்தனமாரி.