திரும்பிப் பார்க்காதவன்

"ஒன்பது வருஷமா அவன் முதுகைக் காக்குறேன் கோச். ஒருநாள்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்ல."

சொன்னவன் துய்லா. அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பிழைப்பவன். ஆறரை அடி, நூற்றைம்பது கிலோ. கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவான். அவ்வளவு பெரிய ஆளுக்கு உதடு துடித்தது.

அந்த ஆட்டத்தில் பந்தை எறிவதற்கென்றே ஒருவன் உண்டு. இவர்கள் அணியில் அவன் டேரன். எறிய நிற்கும்போது அவனுக்கு இடது பின்பக்கம் தெரியாது. எதிரணி முரடர்கள் அந்தப் பக்கமாகத்தான் பாய்ந்து வருவார்கள். அவர்களுக்குக் குறுக்கே நிற்பது துய்லாவின் வேலை. பந்து அவன் கைக்கு வராது. ஒலிபெருக்கியில் அவன் எண்ணைச் சொன்னால், ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று அர்த்தம்.

கோச் ஹார்லன் அவனைவிட மூன்று வயது சின்னவர். முழங்கால் போனதால் சீக்கிரமே கோச் ஆனவர். மைதானத்து ஓர பெஞ்சில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"கையில என்ன?"

"ராஜினாமாக் கடிதம். அதான் புதுசா பிரெஸ்டன் வந்திருக்கானே. என்னைவிட பலசாலி."

கோச் கடிதத்தை வாங்கினார். பிரிக்காமல் பெஞ்சில் வைத்து, அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.

"இன்னிக்கு நீ உக்காரு. பந்தைப் பாக்காத. டேரன் கழுத்தை மட்டும் பாரு."

"கழுத்தையா?"

"கழுத்தைத்தான்."

துய்லா உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது.

பயிற்சி தொடங்கியது. அணியில் பாதிப் பேர் எதிரணியாக நின்றார்கள். துய்லாவின் இடத்தில் பிரெஸ்டன். ஒருத்தனையும் உள்ளே விடவில்லை. டேரன் பந்தை எறியக் கையை ஓங்கினான். சட்டென்று கழுத்து இடப்பக்கம் திரும்பியது. பந்து தரையில் போய் விழுந்தது.

மறுபடியும். பிரெஸ்டன் இம்மியும் அசையவில்லை. டேரனின் கழுத்து திரும்பியது. பந்து எதிராளி கையில் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது முறை டேரன் எறியவே இல்லை. யாரும் தொடாமலேயே, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

துய்லா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"என்ன ஆச்சு அவனுக்கு? பிரெஸ்டன் நல்லாத்தானே நிக்கிறான்?"

"ரொம்ப நல்லா நிக்கிறான்."

"கிட்டக்கூட யாரும் வரலையே! அப்புறம் எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்குறான்?"

கோச் கோப்பையை எடுத்து ஒரு வாய் காப்பி குடித்தார்.

தான் கேட்ட கேள்வி துய்லாவின் காதிலேயே விழுந்தது. கண் நிறைந்துவிட்டது. கடிதத்தை மறந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

டேரன் இன்னும் தலை கவிழ்ந்தபடி உட்கார்ந்திருந்தான். துய்லா அவன் பின்னால் போய், இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

"வந்துட்டியா?" என்றான் டேரன், திரும்பிப் பார்க்காமல்.