மெல்லி விட்டுக்கொடுத்த இடம்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்தவை எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. எலும்புக்குள்ளே மஜ்ஜைப்பட்டி என்று ஓர் ஊர். நோயை எதிர்க்கும் காவலர்கள் பிறப்பதெல்லாம் அங்கேதான்.

செவந்தான் அப்படிப் பிறந்த ஒரு காவலன். கிருமியைப் பிடிக்க வேண்டிய கையை அவனே செய்துகொள்ள வேண்டும். அதற்கான மரபணுத் துண்டுகள் பிறக்கும்போதே அவனோடு வந்திருந்தன. துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து, கையின் ஒரு பாதியான கனத்த சங்கிலியை முதலில் செய்தான். முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு மறுபாதியான மெல்லிய சங்கிலி. அவள் பெயர் மெல்லி. "இவ என்னத்தப் புடிச்சிரப் போறா, சும்மா ஒப்புக்குத்தான்" என்று ஏனோதானோவென்று கோத்துக் கனத்ததன் பக்கத்தில் மாட்டினான்.

ஊர் வாசலில் அங்கம்மை காவல் இருந்தாள். இரத்த ஆற்றில் இறங்கப்போகும் ஒவ்வொருவனின் கையையும் சொந்த உடம்பின் துணுக்கு ஒன்றில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. சொந்தத்தையே பிடிக்கிறவனை வெளியே விட்டால் உடம்பு தாங்குமா? அவன் கதை வாசலிலேயே முடிந்துவிடும்.

செவந்தான் கையை நீட்டினான். அது துணுக்கைக் கவ்விக்கொண்டது. உதறினான், விடவில்லை.

"அத்தே, தெரியாமப் புடிச்சிட்டேன்!"

"எல்லாரும் அப்படித்தான்யா சொல்றாங்க. எனக்கு மட்டும் ஆசையா?" அங்கம்மை அரிவாளை எடுத்தாள்.

அப்போதுதான் மெல்லி வாய் திறந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க அத்தே. கனத்த பெரியவரும் நானும் சேர்ந்த சேர்க்கைதான் இப்படிப் புடிக்குது. அண்ணே, என்னைக் கழட்டிட்டு வேற ஒருத்தியக் கோத்துப் பாருங்க. துண்டு மிச்சம் இருக்கே."

"கழட்டினா நீ கரைஞ்சு போயிருவியேம்மா!"

"நீங்க இருந்தாத்தானேண்ணே இந்தக் கை யாருக்காவது உதவும்."

அழுதுகொண்டே கழற்றினான். மெல்லி கரைந்தாள். மிச்சத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கோத்தான். அப்போதும் கை லேசாகப் பிடித்தது. அங்கம்மை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ பாரு" என்றாள். மெல்லிய சங்கிலிக்கென்று வேறொரு வகைத் துண்டுகளும் அவனிடம் இருந்தன. அவற்றில் ஒருத்தியைக் கோத்து நீட்டினான். கை துணுக்கைத் தொட்டும் தொடாமல் நழுவியது.

"போயிட்டு வாய்யா" என்றாள் அங்கம்மை, கண்ணைத் துடைத்தபடி.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கிருமி ஒன்று உள்ளே புகுந்தது. கனத்த சங்கிலிக்கு அதன் ஒரு பக்கம்தான் எட்டியது. மறுபக்கத்தைப் புதியவள் பற்றினாள். கிருமியால் அசைய முடியவில்லை. "மெல்லி, எல்லாம் உன் புண்ணியம் தாயி" என்று செவந்தான் வாய்விட்டே சொன்னான்.

அன்று முதல்தான், சொந்த உடம்பைத் தெரியாமல் பிடித்துவிடும் காவலனை அங்கம்மை உடனே வெட்டுவதில்லை. மெல்லிய சங்கிலியை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறாள். காய்ச்சல் விட்டு, வியர்த்து எழுந்து, ஒரு வாய் கஞ்சி ருசியாக இறங்கும்போது நாம் யார் யாருக்கோ நன்றி சொல்கிறோம். கரைந்துபோன ஒருத்திக்கும் அதில் பங்கு உண்டு.