நாக்கு எட்டாத இடம்

குன்றின் மேல் முசுவன் என்ற கருமந்தி இனத்து ஆண்குரங்கு இருந்தது. குன்றின் அடியில், நாணல் குளத்தங்கரையில், செவலி என்ற பெண்மான் இருந்தது. இரண்டும் கூடப்பிறக்காத அண்ணன் தங்கை.

தினமும் வெயில் சாய்ந்ததும் முசுவன் குன்றிலிருந்து இறங்கி வரும். நாணல் நிழலில் படுத்திருக்கும் செவலியின் முதுகோரம் உட்கார்ந்து, மயிரை விலக்கி விலக்கி உண்ணி பொறுக்கும். எந்த மரம் காய்த்தது, சிறுத்தை எந்தப் பக்கம் போனது, மந்திக் கூட்டத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று வாய் பாட்டுக்குப் பேசும். கை பாட்டுக்கு வேலை செய்யும். பேச்சு தீர்ந்தாலும் உண்ணி தீராது. அதனால் பேசாமலே நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் நாட்களும் உண்டு.

இப்படி இருந்த காட்டுக்கு சுல்தான் என்ற மைனா வந்து சேர்ந்தது. அது டவுனில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில், கூண்டில் வளர்ந்தது. கடைக்காரர் கூண்டைச் சாத்த மறந்து டீ குடிக்கப் போன நேரத்தில் பறந்து வந்துவிட்டது. யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் அப்படியே பேசும். பெற்ற தாயே ஏமாந்துபோவாள். பேசுவதற்கு முன்னால் போன் மணி மாதிரி இரண்டு தடவை கத்தும். கடைப் பழக்கம், அதை விட முடியவில்லை.

"இன்னுமா நடந்து போய்ப் பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று காட்டைப் பார்த்துச் சிரித்தது சுல்தான். "டவுன்ல அண்ணன் மாடியில இருப்பான், தம்பி கீழ இருப்பான். எவனும் படி இறங்க மாட்டான். குரலை அனுப்புவான், வேலை முடிஞ்சுது."

காட்டுக்கு இது பிடித்துப்போயிற்று. ஓர் அத்திப்பழம் கொடுத்தால் போதும், குரல் போய்ச் சேர்ந்துவிடும். முயல் அடுத்த புதருக்கே மைனாவைத்தான் அனுப்பியது. காட்டுப்பன்றி விடிந்ததும் எல்லோருக்கும் காலை வணக்கம் அனுப்பியது. யார் யாருக்கு அனுப்புகிறோம் என்று அதற்கே தெரியாது. நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும், அது வேறு விஷயம்!

முசுவனுக்குப் பெரிய சௌகரியம். குன்றிறங்கும் பாறை வெயிலில் கொதிக்கும். கீழே முள்காடு வேறு. இனி அந்தத் தொல்லை இல்லை.

முதல் நாள் மைனாவின் அலகிலிருந்து அண்ணன் குரல் வந்ததும் செவலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே பதில் சொன்னது. "நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. நீ சாப்பிட்டியா?"

அந்தச் சிரிப்புக் குரலைச் சுல்தான் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு செவலி சொன்னதெல்லாம் அந்தக் குரலிலேயே குன்றேறியது. ஒரு தடவை பிடித்த குரலை மாற்றுவதில்லை என்பதில் மைனாவுக்குப் பெருமை.

முன்பு ஒரு வேளை பேசிய இரண்டும் இப்போது நாலு வேளை பேசின. பாசம் கூடிவிட்டது என்றே நம்பின. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் குரல் உண்ணி பொறுக்காதே!

ஒரு நாள் செந்நாய்கள் துரத்தி, செவலி முள்காட்டுக்குள் பாய்ந்து தப்பியது. பிடரிக்குக் கீழே, நாக்கும் எட்டாத, குளம்பும் எட்டாத இடத்தில் காரைமுள் குத்தி ஒடிந்துவிட்டது. சின்னக் காயம்தான். முசுவன் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு விரலால் பிடுங்கிப் போட்டிருக்கும். முள் உள்ளேயே இருந்து சீழ் பிடித்தது. ஈ மொய்த்தது. பிறகு புழு வைத்தது.

இதையெல்லாம் சொல்லி அனுப்புவதா என்று செவலிக்குக் கூச்சம். முன்பெல்லாம் சொல்லவே வேண்டியிருந்ததில்லை. அண்ணன் விரல் தானே கண்டுபிடித்துவிடும். இப்போது சொன்னால்தான் தெரியும் என்று ஆனபோது அதற்கு வாய் வரவில்லை. வலி பொறுக்க முடியாமல் போன அன்றைக்கு மட்டும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி சொன்னது. "அண்ணே, முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ."

சுல்தான் குன்றின் மேல் போய் மணி அடித்தது. ஒரு சொல் குறையாமல் சொன்னது, அதே சிரிப்புக் குரலில்.

முசுவன் அப்போது நாவல் மரத்தில் இருந்தது. வாயெல்லாம் ஊதா நிறம். "பாசக்காரி!" என்று அதுவும் சிரித்தது. நாவல் முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லச் சொன்னது. மறுநாளும் செவலி கூப்பிட்டது. மறுநாளும் மரத்தில் பழம் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் சுல்தான் போன வேகத்தில் திரும்பி வந்தது. "மணி அடிச்சேன், எடுக்கல" என்றது. தூங்குகிறதோ என்னவோ என்றும் சொன்னது.

கையிலிருந்த பழத்தைப் போட்டுவிட்டு முசுவன் இறங்கி ஓடியது. பாறைச் சூடு தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை.

செவலி நாணலுக்குள் கிடந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. கண் மட்டும் அசைந்தது. முசுவன் பழைய இடத்தில் உட்கார்ந்து மயிரை விலக்கியது. பிடரிக்குக் கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஏன் தங்கச்சி என்கிட்ட சொல்லல?"

"வான்னு சொன்னேனே அண்ணே."

அந்தக் கரகரத்த குரலை முசுவன் அதற்கு முன் கேட்டதே இல்லை.

முள்ளைப் பிடுங்கியது. புழுவை ஒவ்வொன்றாக எடுத்தது. கையை எடுக்காதே என்றது செவலி. முசுவன் எடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் செவலியின் மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் மந்தி கையை எடுக்கவில்லை.

மேலே கிளையில் சுல்தான் உட்கார்ந்திருந்தது. முசுவன் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தது.

"தினமும் வந்து போனியே. நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்" என்றது மைனா. "காயத்தைச் சொல்லுன்னு யாரும் சொல்லல. குரலைக் கொண்டுபோன்னீங்க, கொண்டுபோனேன். ஒரு வார்த்தை தப்பியிருக்கா?"

தப்பவில்லை.

அடுத்த வருஷமும் நாவல் பழுத்தது. முசுவன் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தது. கை மட்டும் எதையோ தேடுகிற மாதிரி தன் தொடை மயிரையே விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுல்தானுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு தடவை மணி அடித்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. நீ சாப்பிட்டியா?" என்று செவலியின் குரலில் சிரித்தது.

முசுவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதது.

நலம் விசாரிக்கக் குரல் போதும். நலமாக வைத்திருக்க ஆள்தான் போகவேண்டும்.